கரண்ட் வந்தும் எழும்பாத பெட்டி

வியாழன், ஒக்டோபர் 9

பகல் முழுக்க வெயில். அஸர் தொழுகைக்குப் பிறகு கறுத்த மழை, இடி. கெலிஓயாவில் உம்ரா வகுப்பு முடிந்து வரும்போது பஸ் முழுக்க ஈரக் குடைகள். என் சாரிக் கரை நனைந்து ஊறிவிட்டது.

கடுகண்ணாவையில் இறங்கும்போது சந்தியே இருட்டு. மேட்டில் ஏறிப் பாதி வழி வருவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. மேல் வீட்டுப் பிள்ளைகள் "லயிட் ஆவா! லயிட் ஆவா!" என்று, லைட் வந்ததைச் சிங்களத்தில் சொல்லிக் கூச்சல். வரிசையாக எல்லா வீட்டிலும் வெளிச்சம். எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. எட்டி நடந்தேன்.

யன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு மெனிக்கே, குடையோடு. உள்ளே ஹோலுக்கு நடுவில் தங்கச்சி நஸ்ரின், வீல்செயரில், இருட்டில். இரண்டு பேரும் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து சிரித்துக் கதைத்துக்கொண்டு! மெனிக்கே பலாக்கொட்டைக் கறிக்குப் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ராத்தா, பெட்டி எழும்பல்ல," என்றாள் நஸ்ரின். "வேற ஒண்டுமில்ல. பயப்படாதீங்க."

எப்படிப் பயப்படாமல் இருப்பது? இவள் கை மடியை விட்டு மேலே எழும்பாது. பள்ளிக்கூட வயதிலேயே தசை வலுவிழந்துபோன நோய். விரலால் வீல்செயரை ஓட்டுவாள். ஆனால் சுவிட்ச் எட்டாது, கதவுத் தாழ்ப்பாள் எட்டாது. அதற்காகத்தான் அந்தப் பெட்டி. வாயால் சொன்னால் லைட் போடும், ஃபேன் போடும், வாசல் கதவைத் திறக்கும், பூட்டும். பிள்ளைகளுக்கு ஒன்லைனில் இங்கிலீஷ் படிப்பித்து உழைத்த காசில் இவளே வாங்கியது. அதைப் பொருத்தித் தந்த ஆள் இப்போது கட்டாரில். கரண்ட் போய் வந்தால் பெட்டி சிவப்பு லைட்டைக் காட்டிக்கொண்டு செத்த பிணம் மாதிரிக் கிடக்கும். நான் போய்ப் பிளக்கைப் பிடுங்கி மறுபடி குத்தினால் உயிர் வரும்.

இன்றும் நான்தான் குத்தினேன். வந்தது.

நான் இல்லாவிட்டால்? இம்மாதக் கடைசியில் மக்காவுக்கு உம்ராப் பயணம். இரண்டு கிழமை, பதினாலு நாள்.

வெள்ளி 10

ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு எங்கள் கூடப்பிறந்த ஜவாத் நானா சாப்பிட வந்தார். கோழிக்கறி, பருப்பு, கீரைச் சுண்டல். நானாவுக்கு உறைப்புக் காணாது, எப்போதும்போல.

மெனிக்கே வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா? நேற்றைய கதை முழுவதும் வேலிக்கு மேலால் நானாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

நானாவுக்கு கலகெதரயில் எலெக்ட்ரிக் சாமான் கடை. ஆகையால் கரண்டைப் பற்றி அவர் சொல்வதே தீர்ப்பு. பெட்டியைத் தூக்கி முகர்ந்துகூடப் பார்த்தார். "இது அடிபட்டுட்டு. இடிக்குப் போன சாமான். இனித் திருத்த ஏலா."

"பிளக்கைக் கழட்டிக் குத்தினா வேல செய்யுது நானா. அடிபட்டதுன்டா எப்பிடி வேல செய்யும்?" நஸ்ரின்.

"அது கொஞ்ச நாளைக்கு. ராத்தா போனப் பொறகு நீ தனியா இருட்டுல கெடக்கவா? ரெண்டு கிழமதானே? எங்கட ஊட்டுக்கு வா. மைனி பாத்துக்குவா."

"மெனிக்கே அக்கா காலையிலயும் பகலும் வருவா. ராவைக்கு இங்கயே படுப்பா. நடுவுல உள்ள நேரம் எனக்குத் தனியா ஈக்க ஏலும்."

"கதவைத் தொறக்க ஏலாத பிள்ளைய எப்பிடித் தனியா வுடுற?"

நானா கெட்ட மனுஷன் இல்லை. வாப்பா மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் வைத்ததில்லை. குறை வைக்காமல் இருப்பதுதான் அவருக்குத் தெரியும். கேட்டுச் செய்வது தெரியாது.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவர் வீட்டுக்குப் போனோம். வாசலில் உயரப் படி. இரண்டு பேர் வீல்செயரோடு இவளை அலுமாரி தூக்குகிற மாதிரித் தூக்கினார்கள். உள்ளே போன பிறகு எல்லாவற்றுக்கும் "மைனி, லைட்... மைனி, ஃபேன்..." என்று கூப்பிட வேண்டும். மைனி தங்கமான மனுஷி, ஒரு தரமும் முகம் சுளித்ததில்லை. அதுதான் தனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது என்று வரும் வழியில் சொன்னாள் நஸ்ரின்.

நானா போனதும்: "ராத்தா, நான் என்ட ஊட்டுலதான் ஈப்பேன். பெட்டிக்கு என்ன வருத்தமென்டு கண்டுபுடிப்போம்."

"கண்டுபுடிப்போம்" என்றால் அவள் கண்டுபிடிப்பாள், நான் குனிந்து நிமிர வேண்டும்.

சனி 11

வானம் மப்பு. மழை இல்லை. உடுப்புக் காயவில்லை.

காலையிலிருந்து நஸ்ரினின் ஆஸ்பத்திரி வேலை. முதலில் என்னை மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னாள். பிறகு போடச் சொன்னாள். அலுமாரிக்குப் பின்னால் குனிந்து, பெட்டிக்கு இன்டர்நெட் கொடுக்கிற ரவுட்டரின் லைட்டையும் பெட்டியின் லைட்டையும் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாள். கண்ணாடி இல்லாமல் எனக்கு எல்லாம் ஒரே நிறம். கண்ணாடி எடுத்துவர ஒரு நடை.

"பெட்டி நீலம்... ஆ, இப்ப சிவப்பு. ரவுட்டர் இன்னும் ஒண்டுமில்ல. ஒரு லைட்டு வருது. போச்சு. திரும்ப வருது."

"போதும். திரும்ப மெயினை அணைங்க."

மறுபடி. மறுபடி. என் இடுப்புப் போய்விட்டது. பிரிட்ஜுக்குள் நேற்றைய கறி என்ன பாடுபட்டதோ. பெட்டிக்குத் தமிழில் நாலு ஏச்சு ஏசினேன். அதற்கு இங்கிலீஷ்தான் விளங்கும் என்று இவள் சிரிக்கிறாள்.

பகல் சோறு ஊட்டும்போது பாதி வாயில் சொன்னாள்:

"விளங்கிட்டு ராத்தா. கரண்ட் வந்த ஒடன பெட்டி டக்கென்டு எழும்புது. ரவுட்டர் சோம்பேறி, எழும்ப நேரமெடுக்குது. பெட்டி போயி ரவுட்டர்ட கதவைத் தட்டுது. ஊட்டுல ஆளில்லையென்டு நெனச்சிட்டுக் கோவிச்சிக்கிட்டுப் போயிருது. ஊட்டுக்காரர் அதுக்குப் பொறகுதான் எழும்புற. நீங்க பிளக்கைக் கழட்டிக் குத்துற நேரம் ரவுட்டர் முழிச்சி ஈக்கி. அதனாலதான் வேல செய்யுது."

நான் வாய் பிளந்து நின்றேன், கையில் சோற்றுக் கவளத்தோடு. நானா கையில் தூக்கிப் பார்த்துச் சொன்னதை இவள் தொடாமலே பிழை என்று காட்டிவிட்டாள். என் தங்கச்சி! மாஷா அல்லாஹ்.

"சரி, சோத்தத் தின்னு," என்றேன். வேறு என்ன சொல்ல.

ஞாயிறு 12

காலையில் ரயில் சத்தம், பனி. அலுமாரியைக் குடைந்தேன். நீண்ட கரண்ட் வெட்டுக் காலத்தில் வாங்கிய ரவுட்டர் பட்டரி கிடைத்தது. சின்னது. அதில் ஒரே ஒரு வயர், ரவுட்டருக்கு மட்டும். போதும் என்றாள் நஸ்ரின். ரவுட்டர் தூங்காமல் இருந்தால் சரியாம்.

மெயினை அணைத்துப் பார்த்தோம். போட்டோம். பெட்டி நீலம். சிவப்பாகவே இல்லை! நஸ்ரின் கண்ணை மூடிக்கொண்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். நானாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள், கொஞ்சம் தலைக்கனத்தோடு.

பயணத்துக்கு எடுக்க வேண்டியவை: வெள்ளை உடுப்புச் சோடு இரண்டு. மருந்து. தஸ்பீஹ் மாலை. செருப்பு, வாசனை இல்லாத சவர்க்காரம். ஊசி நூல். மைனி கேட்ட பேரீச்சம்பழம் என்ன ரகம்? கேட்க வேண்டும்.

செவ்வாய் 14

எழுதவே மனம் இல்லை.

பின்னேரம் மழை. முதல் இடி விழுந்ததும் என் கால் தன்பாட்டில் எழும்பிவிட்டது. எங்கள் மலையில் எல்லா வீட்டிலும் இதுதான் சட்டம்: இடி கேட்டால் எல்லாப் பிளக்கையும் பிடுங்கு. டீவி, பிரிட்ஜ், போன் சார்ஜர், ரவுட்டர். மெனிக்கே வீட்டில் சுவர் மணிக்கூட்டையும் கழற்றுவார்கள், அதற்கு உள்ளே பட்டரிதான் என்று தெரிந்தும்! நானும் போய் எல்லாவற்றையும் பிடுங்கினேன். புதிதாகக் கொழுவின பட்டரி வயரையும் சேர்த்து.

மழை விட்டதும் திரும்பக் குத்தினேன். எது முதல், எது பிறகு என்று யார் பார்த்தது? பெட்டிதான் கைக்கு முதலில் எட்டியது.

சிவப்பு.

"ராத்தா, ரவுட்டரை ஏன் கழட்டின?"

"இடி இடிச்சிதே!"

"பட்டரிக்கு இடி ஒண்டும் செய்யாது."

"எனக்கெப்பிடித் தெரியும்? ஆயுசுக்கும் கழட்டித்தானே பழக்கம்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு, நானில்லாத நாளில் மெனிக்கேயும் இதைத்தான் செய்வாள் என்றாள். உண்மை. கல்யாண வீட்டுக்கு வந்த ஆளானாலும் இந்த ஊரில் இடிக்குப் பிளக் பிடுங்கத்தான் ஓடும். கரண்ட் நிறைய நேரம் போனால் அந்தச் சின்னப் பட்டரியும் செத்துவிடும் என்றாள். அதுவும் உண்மை.

"நான் நானாட ஊட்டுக்கே போறேன் ராத்தா."

எனக்கு வந்ததே ஆத்திரம். "அப்ப நான் உம்ராவுக்குப் போகல்ல. முடிஞ்சிது."

"பைத்தியமா ஒங்களுக்கு? எத்தின வருசம் நிய்யத்து வச்சிக்கிட்டு ஈந்தீங்க?"

"ஒன்ன மூட்டை மாதிரித் தூக்கிக் குடுத்துட்டு நான் போயி என்ன துஆ கேக்கிற?"

இரண்டு பேரும் அழுதோம். அவள் மூக்கை நான்தான் துடைக்க வேண்டும், அதனால் சண்டையை அதற்கு மேல் கொண்டுபோக முடியவில்லை.

புதன் 15

காலை வெயில். தேயிலைத் தோட்டப் பக்கம் லைன் வேலை என்று இரண்டு முறை கரண்ட் போய் வந்தது.

நஸ்ரின் குசினிக்கு வந்து நான் பிட்டு அவிக்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வீங்கி, என் முகமும் அப்படியே. கரண்ட் வந்தது. பானையில் ஆவி வருகிற நேரம் மூலையில் 'டிக்'. பிரிட்ஜ் உறுமத் தொடங்கியது.

"ராத்தா, அது என்ன?"

"எது?"

"அந்த டிக்."

"பிரிட்ஜ் கார்ட். பிரிட்ஜுக்குக் காவல் மாதிரி. கரண்ட் வந்த ஒடன குடுக்காது. கொஞ்ச நேரம் வச்சிக்கிட்டு ஈந்துதான் விடும். இல்லாட்டி மோட்டர் போயிரும். நானாட கடைச் சாமான்தான்."

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெருநாள் பிறை கண்ட பிள்ளை.

"ராத்தா. அடுப்பை அணைங்க. அதைக் கழட்டுங்க."

"பிட்டு?"

"பிட்டு கெடக்கட்டும்!"

"பிரிட்ஜுக்குள்ள மீன் ஈக்கி, நஸ்ரின்."

"மீனுக்கு ரெண்டு கிழமைக்குப் பெரிய வேலையொண்டும் இல்ல. எனக்கு ஈக்கி. கழட்டுங்க."

கழற்றினேன். கார்டைச் சுவரில் குத்தி, பெட்டியின் பிளக்கை அதில் குத்தினேன். அவள் சொன்னபடி ரவுட்டர் பட்டரியையும் அகற்றி, நேராகச் சுவருக்குக் கொடுத்தேன். மெயினை அணைத்தேன். போட்டேன். ரவுட்டர் சோம்பல் முறித்துக்கொண்டு எழும்பியது. பெட்டிக்கு உயிரே இல்லை, லைட்டே இல்லை. நான் "யா அல்லாஹ், இதுவும் சரியில்ல" என்று குனியப் போனேன். "தொடாதீங்க!" என்றாள், பள்ளிக்கூட டீச்சர் குரலில்.

நின்றேன். 'டிக்'.

நீலம். நீலமே.

நஸ்ரின் அவளுடைய இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொன்னாள். ஹோல் லைட் எரிந்தது. நான் கூச்சல் போட்டுவிட்டேன். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று மெனிக்கே ஓடிவந்தாள், கையில் தேங்காய்ப்பால் பிழிகிற துணியோடு.

இப்போது எந்தப் பிளக்கை யார் பிடுங்கினாலும், எந்த ஒழுங்கில் குத்தினாலும், பெட்டி கார்டுக்குப் பின்னால் பொறுத்து நின்று கடைசியில்தான் எழும்பும். மெனிக்கேயை இடிக்கு அடங்கச் சொல்லத் தேவையில்லை. எங்கள் பழக்கத்தை மாற்றாமல், பழக்கத்துக்கு ஏற்றபடி பெட்டியை மாற்றிவிட்டாள். இந்த மூளைக்கு எங்கேயோ பெரிய இடத்தில் வேலை செய்திருக்க வேண்டியவள். ஒரு தரம் அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தேன். "வேர்வை மணக்குது ராத்தா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள், திமிர் பிடித்தவள்.

பிட்டு கல். மெனிக்கேயின் நாய் சாப்பிட்டது.

சனி 18

கண்டிக்குப் போயிருந்தேன், பயணப் பை வாங்க. அங்கேயும் மழை. பஸ் பேராதனையில் நின்று நின்று வந்தது. வீட்டுக்கு வரும்போது நானாவின் வேன் வாசலில்.

நடந்ததை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். நான் விளங்கிக்கொண்டபடி எழுதுகிறேன்.

நானா சொல்லாமல் வந்திருக்கிறார், நஸ்ரினைக் கூட்டிக்கொண்டு போக. வேனில் பலகைகூடக் கொண்டுவந்திருக்கிறார், அவர் வீட்டுப் படியில் வீல்செயர் ஏறப் போட. அதற்கு நான் அவருக்கு மனதுக்குள் ஒரு நன்றி சொன்னேன். வாசலுக்கு வந்ததும் இடி, கரண்ட் போய்விட்டது. கதவு பூட்டு. மழைத் தாவாரத்தில் நானா, கையில் ஆனைவாழைப்பழச் சீப்பு.

"நஸ்ரின்! கதவைத் தொற!"

"இப்ப ஏலா நானா. கரண்ட் வரணும்."

"பாத்தியா? பாத்தியா? இதத்தானே நான் சொன்ன!"

"மெனிக்கே அக்காட்ட சாவி ஒண்டு குடுத்து ஈக்கி. அவசரமென்டா அவ தொறப்பா. ஆனா நீங்க வாங்கப் போக வேணாம். நில்லுங்க."

"நனையுறேன் புள்ள!"

"கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளி நில்லுங்க."

நின்றிருக்கிறார். கடையில் நாலு பேரை அதட்டுகிற நானா! யன்னலால் கதைத்திருக்கிறார்கள். மைனியின் முழங்கால் வலி, வாப்பாவின் பழைய குடை, யார் யாருக்குப் பெண் பார்க்கிறார்கள் என்றெல்லாம். எத்தனையோ காலத்துக்குப் பிறகு இவ்வளவு கதைத்தோம் என்று பிறகு நஸ்ரினே சொன்னாள்.

கரண்ட் வந்தது. மேல் வீட்டுப் பிள்ளைகளின் கூச்சல். நானா கதவைத் தள்ளியிருக்கிறார். அசையவில்லை.

"கரண்ட் வந்துட்டே! இன்னும் என்ன?"

"கார்ட் விடணும் நானா."

"என்ன கார்ட்?"

"பிரிட்ஜ் கார்ட். ஒங்கட கடையில வாங்கினதுதான்."

உள்ளே 'டிக்' கேட்டதாம், வெளியிலும் கேட்டதாம். நஸ்ரின் பெட்டிக்குச் சொன்னாள். ஹோல் லைட். வாசல் லைட். பூட்டுத் திறக்கிற சத்தம். கதவு தானாக விலகியது. நஸ்ரின் நடு ஹோலில், மடியில் கை.

"உள்ளுக்கு வாங்க நானா. காலைத் தொடச்சிக்கிட்டு."

நான் வரும்போது நானா கதிரையில் ஈரத் தலையோடு உட்கார்ந்து அந்தக் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ பேருக்கு விற்ற சாமான், பிரிட்ஜைத் தவிர வேறு ஒன்றுக்கும் யோசித்ததில்லை என்று எனக்குச் சொன்னார். அவளுக்குச் சொல்லவில்லை. அவளுக்குக் கேட்கிற தூரத்தில் எனக்குச் சொன்னார். நானாவுக்கு அது பெரிய விஷயம்.

நஸ்ரினைக் கூட்டிப்போகிற கதையை எடுக்கவேயில்லை, பலகை வேனிலேயே கிடந்தது. போகும்போது, "திங்கக்கிழம வேற கார்ட் ஒண்டு அனுப்புறேன். பிரிட்ஜை சும்மா வுடாதீங்க" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "பகலைக்கு ஒருக்கா போன் கோல் எடுப்பேன். எடுக்கணும்," என்றார்.

"எடுக்கிறேன் நானா."

வாழைப்பழம் ஆறு நானாவே தின்றுவிட்டார், தாவாரத்தில் நின்று.

செவ்வாய் 28

விமான நிலையம். கட்டுநாயக்கா. சூடு. வகுப்புக்கு வந்த எல்லாப் பெண்களும் வெள்ளையில், யார் யாரென்று தெரியவில்லை. கால் வீங்கத் தொடங்கிவிட்டது.

காலையில் புறப்பட்டபோது நல்ல பனி. நானாவின் வேன் இஞ்சின் போட்டபடி. மெனிக்கே என் நெற்றியைத் தொட்டுச் சிங்களத்தில் ஏதோ வாழ்த்தினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டாள்.

நஸ்ரினுக்கு என்ன சொல்வதென்று இரவு முழுக்க யோசித்து வைத்திருந்தேன். கடைசியில் "மருந்து... மருந்தை..." என்று உளறினேன்.

"தெரியும் ராத்தா. கஃபாவக் கண்டதும் எனக்கு நடக்கணுமென்டு துஆக் கேக்க வேணாம். அத எல்லாரும் கேட்டுட்டாங்க."

"அப்ப என்ன கேக்க?"

"நானா கோல் எடுக்கிறதக் கொறைக்கணுமென்டு கேளுங்க."

சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். படி இறங்கி, இத்தனை வருஷப் பழக்கத்தில் கதவை இழுத்துச் சாத்தத் திரும்பினேன். வெளியே போகும்போதெல்லாம் அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனது நான்தான்.

"வுடுங்க ராத்தா," என்றாள் உள்ளே இருந்து. "நான் பூட்டுறேன்."

பூட்டினாள்.